அண்ணி திறந்த பன்னிரண்டு கிளிக்

என் அண்ணிக்குக் கை போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். எல்லோரும் என்றால் நானும் அண்ணனும்தான். அண்ணியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

அப்போது அவளுக்கு நாற்பத்துநாலு வயது. என்னைவிட மூன்று மாதம்தான் பெரியவள். வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் வா, போ என்ற பேச்சுதான். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அண்ணன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எங்கள் இரண்டு பேர் வேலையிலும் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது நாற்காலியிலிருந்து வழுக்கி விழுவதுதான். அண்ணி வேலை அப்படியில்லை. மின்சார நிறுவனத்தில் லைன் பார்ப்பவள் அவள்.

ஊருக்கு வெளியே பெரிய இரும்புக் கோபுரங்கள் வரிசையாகக் கம்பி சுமந்து நிற்குமே, அதன் அடியிலேயே போய், ஒவ்வொரு கோபுரத்தையும் நிமிர்ந்து பார்த்து, கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருக்கிறதா, மரக்கிளை கம்பியைத் தொடுகிறதா, நட்டு கழன்றிருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். நாற்பத்தொன்றாம் கோபுரம் முதல் எண்பத்தெட்டு வரை அண்ணியின் பகுதி. அந்த வழியில் சாலை கிடையாது. கல், பள்ளம், சேறு, மறுபடியும் கல். அதற்காகவே நிறுவனம் காட்டுப்பாதை பைக் கொடுத்திருந்தது. இருக்கை உயரம், டயரில் கட்டை கட்டையாகப் பல், முன்சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு இரண்டு நீளக் குழாய். அந்தக் குழாய்களைத்தான் ஃபோர்க் என்பார்கள். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். கல்லில் சக்கரம் ஏறினால் ஃபோர்க் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்த கல் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும். இவ்வளவுதான் அதன் வேலை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது, இன்றைக்கு யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

லைன் பார்ப்பவர்கள் மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் ஆண்கள், எல்லோரும் எண்பது கிலோவைத் தாண்டியவர்கள். அண்ணி ஐம்பத்தொரு கிலோ, அதுவும் பூட்ஸோடு சேர்த்து.

பத்து வருஷம் பழைய பைக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினாள். பிறகு ஒன்பது பேருக்கும் புது பைக் வந்தது. நாலாவது மாசம் அண்ணியின் உள்ளங்கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஆறாவது மாசம் மணிக்கட்டு வீங்கியது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் என்னைக் கூப்பிட்டாள், நான் போட்டுவிட்டேன், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபத்துமூன்றாம் கோபுரத்துக்கும் அறுபத்துநாலுக்கும் நடுவில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்து, சாண் உயரக் கற்கள் முப்பது நாற்பது வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். லைன்காரர்கள் அதற்குப் படிக்கட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் படிக்கட்டில் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை விழுந்தபோது விஷயம் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கை இந்த வேலைக்குத் தாங்காது என்று எழுதிக் கொடுத்தார். அவளுக்கு மேலதிகாரியான பொறியாளர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா, வயசும் ஆகுது, பதிவறையில ஒரு மேஜை காலியா இருக்கு" என்றார். நல்லதுக்குச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் நானும் வரி பிசகாமல் அதையேதான் சொன்னேன்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "பத்து வருஷமா இதே கை. வண்டி மாறின நாலாவது மாசம் வலி வந்துச்சு. மாறினது கையா வண்டியா?"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்தான்.  பொறியாளரிடமும் இதையே கேட்டிருக்கிறாள். அவர் ஒரு மாசம் தவணை கொடுத்தார். மாசக் கடைசியில் ஒரு சோதனை. தன் பகுதி முழுக்க மூன்று மணி நேரத்தில் விழாமல் ஓட்டி வர வேண்டும். முடியாவிட்டால் பதிவறை, பேச்சே கிடையாது. பதிவறை என்றால் ஜன்னல் ஒன்று, பழைய கோப்பு நாலாயிரம், மேலே ஒரு மின்விசிறி. அண்ணியை அங்கே உட்கார வைப்பதும் அவளைப் பூட்டி வைப்பதும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் டைட்டு அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டைட்டு என்றதும் குடிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரைத் தவிர எதையும் தொடாத மனிதர். நிறுவனத்தின் வண்டிப் பட்டறை அவர் பொறுப்பு. பல வருஷத்துக்கு முன்னால் ஒருவனுடைய முன்சக்கர போல்ட் வழியில் கழன்று, அவன் கால் உடைந்தது. போல்ட்டை அவர் சரியாகத்தான் முடுக்கியிருந்தார், ஓட்டினவனே நடுவில் கழற்றி மாட்டியிருந்தான். விசாரணையில் பழி இவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை முடுக்குவார். முடுக்கிவிட்டு அதன்மேல் மஞ்சள் பெயிண்ட் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு உடையாமல் இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். பட்டறைச் சுவரில் சிவப்பு எழுத்தில், சீல் உடைத்தால் நடவடிக்கை என்று எழுதியிருக்கும். ஒன்பது பேரும் அதைச் சாமி படம் மாதிரி கும்பிடாத குறைதான்.

புது பைக்கின் ஃபோர்க்கில் ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு திருகு உண்டு. கீழே இருப்பது ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்கலாம் என்பதற்கு, மேலே இருப்பது எவ்வளவு வேகமாக எழலாம் என்பதற்கு. ஸ்க்ரூடிரைவரால் திருகினால் கிளிக் கிளிக் என்று சத்தம் வரும், அதை எண்ணித்தான் கணக்கு வைப்பார்கள். டைட்டு அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நாலு திருகையும் கடைசிவரை மூடி, இரண்டே இரண்டு கிளிக் திறந்து, மஞ்சள் பொட்டு வைத்துவிட்டார். ஒன்பது வண்டிக்கும் அதே. ஐம்பத்தொரு கிலோவுக்கும் அதே, தொண்ணூற்றைந்து கிலோவுக்கும் அதே.

வலி அண்ணிக்கு மட்டும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். எட்டு ஆண்களுக்கும் கை மரத்துத்தான் போனது. ஆனால் அவர்கள் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையிலிருந்து டீ கிளாஸ் இரண்டு நாள் தொடர்ந்து நழுவியது, கிளாஸ் வழுக்குகிறது என்றான். படிக்கட்டில் அடி பலமாக இருக்கிறது என்று மட்டும் எல்லோரும் பட்டறையில் சொன்னார்கள். டைட்டு அண்ணன் குழாயைப் பார்த்தார். ஃபோர்க் அடிவரை அமுங்கி வந்த தடம் இருந்தது. "முழுசா அமுங்குதுன்னா தளர்வா இருக்குன்னுதானே அர்த்தம்" என்று சொல்லி திறந்திருந்த இரண்டு கிளிக்கில் ஒன்றையும் மூடினார். அடுத்த வாரம் அடி இன்னும் பலமாக விழுந்தது. அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துகிற வைத்தியம்.

அண்ணி அவரிடம் போய் நின்றாள். "அண்ணே, என் வண்டிக்கு மட்டும் கொஞ்சம் திறந்து பாக்கலாமா?"

"உனக்குன்னு தனிக் கணக்கு கிடையாதும்மா. ஒன்பதுக்கும் ஒரே கணக்கு."

"நான் ஒன்பது பேரும் இல்லையே அண்ணே, ஒருத்திதானே."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காபி கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"ஏய், உங்கிட்ட மஞ்சள் நெயில் பாலிஷ் இருக்காடி?"

"மஞ்சள் நெயில் பாலிஷ் எவ போடுவா?"

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு நாலு பொட்டையும் சுரண்டிப் போட்டாள்.  மூடி மறைக்க வழி இருந்தால் மறைத்திருப்பாள் என்று நினைக்காதீர்கள், பிறகு கடைக்குப் போய் மஞ்சள் பெயிண்ட் வாங்க அவளுக்கு இருபது நாள் இருந்தது, வாங்கவில்லை. அன்றைக்கு அவள் திறந்தது கீழ்த் திருகை மட்டும். அடி பலமாக விழுகிறது, ஆகவே இன்னும் சுலபமாக அமுங்கட்டும் என்று நினைத்தாள். கீழே பதினாலு கிளிக் திறந்தாள். குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றிக் கட்டினாள். ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அதுவரை பட்டை நகர்ந்து அங்கேயே நிற்கும்.

நானும் அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஊர்ச் சாலை வழியாகச் சுற்றி அறுபத்துமூன்றாம் கோபுரம் வரை போனேன். துணைக்குப் போனதாகச் சொன்னேன். உண்மையில் வேறு எண்ணம் இருந்தது. அவள் விழுவதை ஃபோனில் வீடியோப் படம் எடுத்து அவளிடமே போட்டுக் காட்டினால் புத்தி வரும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

படமும் கிடைத்தது. படிக்கட்டில் பாதி தூரம் வருவதற்குள் ஹாண்டில் அவள் கையை உதறிக்கொண்டு திரும்பியது, வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முன்னைவிட மோசம். நான் ஓடிப்போய், "போதும் அண்ணி, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐம்பத்தெட்டாம் கோபுரத்துக்கிட்ட இடுப்பளவு பள்ளத்துல இறங்கினேன். நிறுத்திப் பார்த்தேன், பட்டை பாதியிலதான் இருந்துச்சு. இங்க சாண் உயரக் கல்லு. பட்டை அடிவரைக்கும் போயிருக்கு. பெரிய பள்ளத்துக்குப் பாதி, சின்னக் கல்லுக்கு முழுசு. இது எப்படிடி?"

எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்றேன். ஃபோனைப் பிடுங்கினாள். நான் எடுத்த படத்தை மெதுவாக ஓடவிட்டாள். இரண்டு பேரும் ஒரு கல்லில் உட்கார்ந்து, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முதல் கல்லில் முன்பக்கம் அமுங்கி எழுந்தது. இரண்டாவதில் அமுங்கியது, எழுந்தது, ஆனால் முன்னளவு உயரம் வரவில்லை. மூன்றாவதில் இன்னும் தாழ்வு. ஆறாவது கல்லில் ஃபோர்க் எழவே இல்லை, அடியில் போய்க் குந்திக்கொண்டது. ஏழாவது கல் நேராக அவள் மணிக்கட்டில் அடித்தது.

"எழுந்திருக்க விடாம மேல்மேல அடிச்சா எவன்தான் தாங்குவான்?" என்றேன் நான், சும்மா வாய்க்கு வந்ததை.

அண்ணி என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். நன்றாகவே வலித்தது. "தளர்வா இல்லடி. மேல் திருகை மூடி வெச்சிருக்காரு, அதனால அமுங்கினது எழுந்திருக்கவே மாட்டேங்குது. நான் என்னடான்னா அமுங்குறதை இன்னும் சுலபமாக்கிட்டேன்."

மேல் திருகில் இரண்டு கிளிக் திறப்பாள், படிக்கட்டில் போய் வருவாள், பட்டையைப் பார்ப்பாள், மறுபடியும் இரண்டு. ஒவ்வொரு தடவையும் நான் படம் எடுத்தேன், இப்போது வேறு எண்ணத்தோடு. எட்டில் ஹாண்டில் உதறுவது குறைந்தது. பன்னிரண்டில் வண்டி அந்தக் கற்கள் மேல் சலசலவென்று போனது, முன்பக்கம் ஒவ்வொரு கல்லுக்கும் எழுந்து எழுந்து நின்றது. பதினாலில் சக்கரம் கல்லிலிருந்து எகிற ஆரம்பித்ததால் திரும்பப் பன்னிரண்டுக்கே வந்தாள். வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் நடுங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வருஷத்தில் இருந்ததே இல்லை.

அதன்பிறகு இருபது நாள் அப்படியே ஓட்டினாள், வண்டியைப் பட்டறைப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. வீக்கம் வடிந்தது. சட்டைப் பொத்தானை அவளே போட்டுக்கொண்டாள்.

சோதனை நாளன்று நான் அங்கே இல்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள், மூன்றும் ஒன்றாகவே இருந்தது. பொறியாளர் நாற்பத்தொன்றாம் கோபுரத்துக்கு ஜீப்பில் வந்து நின்றார். டைட்டு அண்ணன் வழக்கம்போல் அண்ணியின் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், சீல் உடைஞ்சிருக்கு."

பொறியாளர் அண்ணியைப் பார்த்தார். "யார் உடைச்சது?"

"நான்தான் சார்."

அவள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தாடையைத் தடவினார். பிறகு, இந்த வண்டியில் சோதனை செல்லாது, பட்டறையிலிருந்து வந்த வண்டியில் ஓட்டட்டும் என்றார். ஜீப்போடு வந்திருந்த அதே ரக உபரி வண்டியை இறக்கினார்கள். நாலு பொட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தன. பாவம் அக்கா, முடிந்தது கதை என்று நினைத்ததாக மூட்டை என்னிடம் சொன்னான். மூட்டை என்பது பக்கத்துப் பகுதிக்காரன், தொண்ணூற்றைந்து கிலோ அவன்தான்.

அண்ணி அந்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பொறியாளர், டைட்டு அண்ணன், எட்டுப் பேர், ஜீப் டிரைவர், இத்தனை பேர் கண் முன்னால் முதல் பொட்டைச் சுரண்டினாள்.

"நிறுத்துங்கம்மா. என்ன பண்றீங்க?"

"எண்ணிக்கிட்டிருக்கேன் சார், நடுவுல பேசினா தப்பிடும்" என்றாள். சத்தமாகவே எண்ணினாள். கீழே வலது பக்கம் பதினாலு, இடது பக்கம் பதினாலு. எழுந்து நின்று மேலே பன்னிரண்டு, பன்னிரண்டு.  முடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். "நடவடிக்கை எழுதிட்டிருங்க சார், வந்து கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மணி நேரம் பத்து நிமிஷத்தில் எண்பத்தெட்டாம் கோபுரத்தில் போய் நின்றாள். விழவில்லை. ஜீப்பில் போய்க் காத்திருந்த பொறியாளரிடம் வழியில் கண்ட இரண்டு உடைந்த பீங்கானின் கோபுர எண்ணையும் சொன்னாள். அவர் டாக்டரின் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். சோதனையில் பாஸ், அதில் பேச்சில்லை, ஆனால் சீல் உடைத்தது தனி விஷயம் என்றார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே லைனுக்குப் போகலாம். கொடுக்கிறவரை பதிவறை.

"எதுக்கு மன்னிப்பு சார்? தப்பா இருந்ததைச் சரி பண்ணினதுக்கா?"

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா."

அண்ணி மறுநாளிலிருந்து பதிவறைக்குப் போனாள்.

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். காலையில் போவாள், கோப்புகளுக்கு எண் ஒட்டுவாள், சாயங்காலம் முகம் சுண்டி வருவாள். மூட்டை அவள் பகுதியையும் சேர்த்துப் பார்த்தான். மூன்றாம் நாள் பதிவறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு எத்தனை கிளிக்?" என்று கேட்டிருக்கிறான்.

"வெயிட் எவ்வளவு?"

"ஒரு எழுபத்தெட்டு இருக்கும்."

"எங்கிட்ட பொய் சொல்லலாம், வண்டிகிட்ட முடியாது."

தொண்ணூற்றைந்து என்று தரையைப் பார்த்துச் சொன்னானாம். கனமான ஆளுக்கு ஸ்பிரிங் அதிகமாக அமுங்கும், அமுங்கினது வேகமாகத் திரும்பத் தள்ளும், அதனால் உனக்குப் பன்னிரண்டு ஆகாது, எட்டில் ஆரம்பி என்றாளாம். அதன்பிறகு ஜன்னலுக்கு ஆள் வரத் தொடங்கியது. ஆளுக்கொரு எடை, ஆளுக்கொரு எண். அவள் ஒவ்வொருவரிடமும் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னாள். கை மரத்துப்போகிறது என்று அந்த ஆண்கள் வாய்விட்டுச் சொன்னது அந்த ஜன்னலில்தான். எட்டு வண்டியிலும் மஞ்சள் பொட்டு போய்விட்டது.

வீட்டில் அண்ணன் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. "ஒரே ஒரு தாள்தானே. எழுதிக் குடுத்துட்டா நாளைக்கே லைனுக்குப் போயிடலாமே" என்று அவளிடம் கெஞ்சினான். "ஒரு தாள்தான். அதைத்தான் குடுக்க மாட்டேன்" என்றாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். வாசலில் நின்று, "அவ இப்படியே உள்ள உக்காந்து வாடிப் போயிடுவா, நீயே எழுது, அவ கையெழுத்து உனக்குத் தெரியுமே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் எழுதினேன். அறியாமல் செய்துவிட்ட தவறுக்கு வருந்துகிறேன் என்று எழுதி, கீழே அண்ணி பேரைப் போட்டேன். என் கை கொஞ்சமும் தயங்கவில்லை. நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தேன். அண்ணன் அதைக் கொண்டுபோய்ப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டான்.

பத்தாம் நாள் காலை பொறியாளர் அண்ணியைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "கடிதம் கிடைச்சதும்மா. நல்ல முடிவு. நாளையிலேர்ந்து லைனுக்குப் போங்க."

அண்ணி ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். ஒன்றுமே சொல்லாமல் வெளியே வந்திருந்தாலே போதும், அவள் கேட்ட லைன் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவளோ, "அதைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்றாள். வாங்கிப் படித்தாள்.

"இது நான் எழுதினது இல்ல சார்."

"உங்க கையெழுத்து இருக்கே."

"நான் போட்டா இவ்வளவு அழகா வராது."

நாலாகக் கிழித்தாள். துண்டுகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் மேஜையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நின்றபடியே எழுதினாள். சீல் உடைத்தது நான்தான். தெரிந்துதான் உடைத்தேன். மேலே பன்னிரண்டு, கீழே பதினாலு. என் எடை ஐம்பத்தொன்று. வருத்தம் இல்லை. கீழே தன் கோணல் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டு, அவர் முன்னால் வைத்துவிட்டுப் பதிவறைக்குத் திரும்பினாள். வேலையே போகலாம் என்று தெரிந்துதான் வைத்தாள். அதைப் பின்னால் அவளே சொன்னாள்.

அன்று மத்தியானம் டைட்டு அண்ணன் பொறியாளர் அறைக்குப் போனார். அவர் எதற்குப் போனார் என்று யாரும் கேட்கத் துணியவில்லை, கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது. முந்தின நாள் மூட்டையின் வண்டியை வாங்கிக்கொண்டு தனியாகப் படிக்கட்டு வரை போயிருக்கிறார், இவர்கள் எல்லோர் நினைப்பும் தப்பு என்று நிரூபிக்க. எட்டுக் கிளிக்கில் ஒரு தடவை ஓட்டினார். பழையபடி மூடி ஒரு தடவை ஓட்டினார். இரண்டாவது தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"சார், அந்தக் கணக்கு தப்பு. ஒன்பது வண்டியிலயும் அதைப் போட்டது நான்தான். எழுதறதா இருந்தா என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

செய்யாத தப்புக்கு ஒரு தடவை பழி சுமந்த மனிதர் அவர். செய்ததை ஒப்புக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு இப்போது புரிகிறது. அதற்கு முன் அவரை நான் திட்டாத திட்டு இல்லை, அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சாயங்காலம் நாலரை மணிக்குப் பொறியாளர் தானே பதிவறைக்கு வந்து வாசலில் நின்றார். "நாளைக்கு லைனுக்குப் போங்க" என்றார்.

"என் தாள் சார்?"

"அது உங்க கோப்புல இருக்கும்மா. எடுக்க முடியாது."

"எடுக்க வேண்டாம் சார், இருக்கட்டும்."

அண்ணி வீட்டுக்கு வந்தபோது நானும் அண்ணனும் சமையலறையில் இருந்தோம். நாளை லைனுக்குப் போகிறேன் என்றாள். அண்ணன் முகம் மலர்ந்தது. தன் கடிதம்தான் வேலை செய்தது என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பான். அவள் சட்டைப் பைக்குள் கையை விட்டு நாலு துண்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.  கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கை போச்சுன்னு டாக்டர் எழுதினார், பொறுத்துக்கிட்டேன். வயசாச்சுன்னு பொறியாளர் சொன்னார், அதையும் பொறுத்துக்கிட்டேன். அவங்க என்னைத் தெரியாதவங்க." அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னை. "அறியாமலாம். ஒண்ணு ஒண்ணா எண்ணித் திறந்தேன்டி. நீ பக்கத்துல நின்னு படம் எடுத்தே."

 உனக்காகத்தான் செய்தோம் என்று அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்காகப் பயப்படறதா இருந்தா தாராளமா பயப்படுங்க. எனக்காகக் கையெழுத்து மட்டும் போடாதீங்க."

சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அன்று அவள் மட்டும்தான் சாப்பிட்டாள்.